முன்னுக்கு அவருடையது, பின்னுக்கு என்னுடையது

என் தங்கையின் கணவருக்கும் எனக்கும் பேச்சு நின்றுபோன இரண்டாவது வருடத்தில் காரின் நான்கு ரயர்களும் ஒன்றாகத் தேய்ந்து முடிந்தன. புரட்டாதி கடைசி. மாரி தொடங்க அதிக நாள் இல்லை.

தங்கை ஆசிரியை. ஒவ்வொரு பள்ளி நாளும் விடியப் புத்தூரிலிருந்து புறப்பட்டு, மீசாலையில் கண்டி வீதியில் ஏறி, ஆனையிறவைக் கடந்து, பரந்தனுக்கு அப்பால் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கார் ஓட்டிப் போகிறவள். இடமாற்றத்தில் போனவள். அங்கே இன்னும் ஒரு வருடத்தை ஒழுங்காக முடித்தால் ஊருக்குக் கிட்டத் திரும்பலாம். இடையில் விட்டால் இதுவரை போய் வந்தது எல்லாம் வீண். வழியில் இன்னும் மூன்று ஆசிரியைகள் ஏறுவார்கள். நான்கு பேரைச் சுமந்து போகும் கார் வீதியைத் தொடுவது உள்ளங்கை அளவான நான்கு இடங்களில் மட்டும். அந்த நான்கு இடங்களிலும் சொல்லும்படியாக ரப்பர் இருக்கவில்லை.

கார் என் பெயரில் இருக்கிறது. நான் பத்திரிகை வேலையை விட்ட வருடமும் தங்கைக்கு இடமாற்றம் வந்த வருடமும் ஒன்று. வெளிநாட்டுக் கார் வருவது நின்றிருந்த காலம். பழைய ஜப்பான் கார் ஒன்றை இருவருமாகச் சேர்ந்து வாங்கினோம். கிழமை நாட்களில் அவள் ஓட்டுவாள். சனிக்கிழமை அவளுடைய கணவர், ஞாயிற்றுக்கிழமை நான். எங்கள் இரண்டு வீடும் ஒரே வளவுக்குள். முன்வீடு அவளுக்குச் சீதனமாகப் போனது. பின்வீட்டில் நான் தனி ஆள். கார் நிற்பது முன்வீட்டுப் போட்டிகோவில். என் பெயரில் இருக்கும் காரை எடுக்க நான் அவருடைய முற்றத்துக்குள் போக வேண்டும். அவர் முற்றத்தில் நிற்பார். நான் காரைப் பார்ப்பேன், அவர் வானத்தைப் பார்ப்பார்.

சண்டை ஒரு மரண அறிவித்தலில் தொடங்கியது. என் மச்சானாகிய அவருடைய தாயார் இறந்தபோது நான் இன்னும் பத்திரிகையில் இருந்தேன். அறிவித்தல் என் மேசை வழியாகத்தான் போனது. பிள்ளைகளின் பெயருக்குப் பின்னால் ஊர் போடலாம், பதவி போடுவதில்லை என்பது எங்கள் பத்திரிகைப் பக்கத்தின் வழக்கம். ஆகவே அவருடைய அண்ணனுக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் கனடா வந்தது. அவருடைய தங்கைக்குப் பின்னால் லண்டன் வந்தது. புத்தூரில் இறந்தவருக்குப் புத்தூரிலேயே இருந்த மகன் என்பதால் மச்சானுக்குப் பின்னால் எதுவும் வரவில்லை. ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர் என்று அவர் எழுதித் தந்ததை நான் வெட்டினேன். யார் எழுதித் தந்திருந்தாலும் வெட்டியிருப்பேன். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று பந்தலுக்குள் வைத்து, எல்லோருக்கும் கேட்க, “கனடாவுக்கு இடமிருந்தது, லண்டனுக்கு இடமிருந்தது, எனக்கு மட்டும் பேப்பரிலை இடமில்லை” என்றார். அதுதான் அவர் என்னிடம் நேரே சொன்ன கடைசி வசனம். அடுத்த கிழமை இரண்டு வீட்டுக்கும் நடுவில் தகர வேலி எழுந்தது. தங்கை போய் வர அதில் ஓர் இடைவெளி விடப்பட்டது.

அதன் பிறகு எங்கள் கதை பேச்செல்லாம் அவளூடாகத்தான். அவள் இல்லாத நேரங்களில் அவர் செடிகளோடு கதைப்பார். “சிலபேருக்கு ஞாயிற்றுக்கிழமையிலை கார் கழுவவும் பஞ்சி,” என்று என் சோம்பலைக் குரோட்டன் செடிக்குச் சொல்வார். நான் வேலிக்கு இப்பால் நின்று, நாய் இல்லாத வளவில், “அடிக், அங்காலை போ” என்பேன்.

இனி ரயர். காரோடு வந்த ரயர்கள் சாதாரணமானவை. மச்சானுக்கு அவை பிடிக்கவில்லை. வேலையிலிருந்து ஓய்வுபெற்றபின் அவர் கைபேசியில் கார் வீடியோக்கள் பார்க்கத் தொடங்கியிருந்தார். ஜெர்மன் நாட்டு நெடுஞ்சாலையில் யாரோ ஒருவன் மழைக்குள் பறக்கும் வீடியோ ஒன்று அவருக்கு மிகவும் விருப்பம். அதைப் பார்த்துத்தான் கொழும்பிலிருந்து பளபளக்கும் அலோய் றிம் சக்கரங்களும் அகன்ற, தாழ்ந்த, வேகத்துக்கென்று செய்த ரயர்களும் எடுப்பித்தார். என்னைக் கேட்கவில்லை. கேட்க முடியாது, நாங்கள்தான் கதைப்பதில்லையே. அந்த ரயர்கள் வீதியைப் பல்லி சுவரைப் பிடிப்பதுபோலப் பிடித்தன. அதை நான் மறுக்கவில்லை. அப்படிப் பிடிப்பதற்காக அவற்றின் ரப்பரை மெதுமையாகச் செய்திருந்தார்கள். மெதுமையான ரப்பர் எங்கள் வெயிலில், எங்கள் வீதியில், தங்கை நாளாந்தம் ஓடும் தூரத்தில், அழிறப்பர் மாதிரிக் கரைந்தது. ஒரு வருடத்தைச் சற்றுத் தாண்டியதும் ரயரின் மேற்பரப்பிலிருந்த பள்ளங்கள் மறைந்தன. நான் தீக்குச்சியின் மருந்துத் தலையை வைத்துப் பார்த்தேன். தலை உள்ளே மறையவில்லை. உள்விளிம்பில் தீக்குச்சி வைக்கவே இடமில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் தங்கை பள்ளியால் வந்து காரை நிறுத்தினாள். காரின் இடப்பக்கம் மச்சான், வலப்பக்கம் நான், நடுவில் பொனற் மூடியில் கையை வைத்தபடி அவள்.

“கொண்ணருக்குச் சொல்லும்,” என்று, அவளுடைய அண்ணனான என்னைக் குறித்து, மச்சான் தொடங்கினார். “இதே ரயர் கொழும்பிலை திரும்பவும் வந்திருக்காம். நாலையும் எடுத்துப் போட்டால் அலுவல் முடிஞ்சுது.”

“இதே ரயரோ?” என்று நான் தங்கையைக் கேட்டேன். “ஒரு வருசத்திலை மொட்டையாப்போன கண்டறியாத ரயர். நீ ஓடுறது பள்ளிக்கூடத்துக்கு, ரேஸுக்கில்லை எண்டு உன்ரை மனிசனுக்குச் சொல்லு.”

“தேஞ்சது ரயரின்ரை பிழையில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓட்டுறவை மதகிலை கொண்டுபோய் ஏத்துகினம். சில்லு சரிஞ்சு அலைன்மென்ற் போச்சு. உள்விளிம்பைக் குனிஞ்சு பாக்கச் சொல்லும், குனிய ஏலுமெண்டால்.”

“சனிக்கிழமை பருத்தித்துறை றோட்டிலை பறக்கிறவைக்கு உள்விளிம்பென்ன, வெளிவிளிம்பென்ன?”

தொடக்கத்தில் தங்கை எங்கள் சொற்களை ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கொண்டு போவாள். கேட்டதையே திருப்பிச் சொல்வாள். இப்போது அந்த வேலையையும் விட்டிருந்தாள். அவள் பார்வை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனது.

“நான் என்ன ரெலிபோன் எக்ஸ்சேஞ்சோ?” என்றாள். “ரெண்டு பேருக்கும் காது இருக்கு. எனக்கு மழைக்கு முதல் ரயர் வேணும். என்ன ரயர் எண்டது எனக்குத் தேவையில்லை. நாளைக்கு எனக்குச் சோதனை வகுப்பு, பஸ்ஸிலை போறன். கார் உங்களிட்டை. பின்னேரம் ரயரோடை நிக்கவேணும்.”

அடுத்த நாள் நான் காரைக் கொண்டு போனேன். மச்சான் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார். யாழ்ப்பாண நகரத்தின் ஓரத்தில் உள்ள ஒரு ரயர் கடை. கடைக்காரர் காதில் கைபேசிக் கம்பியை மாட்டியபடி யாரோடும் பாதிக் காதில் கதைக்கிறவர். வருகிற ஆளின் முகத்தைப் பார்த்து, அந்த ஆள் எதைக் கேட்க வந்திருக்கிறாரோ அதையே சிறந்தது என்று சொல்கிறவர். மச்சானிடம், “ஐயா, பிடிப்பெண்டால் நீங்கள் சொல்லுறதுதான்” என்றார். என்னிடம், “ஐயா, உழைக்கிறதெண்டால் நீங்கள் சொல்லுறதுதான்” என்றார்.

நான் அவரை விட்டுவிட்டு ரயர்களை வாசித்தேன். ரயரின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பத்திரிகையே அச்சாகி இருக்கிறது. அளவு, எடை, வேகம், செய்த கிழமை, செய்த வருடம், எவ்வளவு நாள் தேயாமல் நிற்கும் என்பதற்கு ஓர் எண், ஈரத்தில் எப்படிப் பிடிக்கும் என்பதற்கு ஓர் எழுத்து. எனக்கு வேண்டியது அந்த எண். கடையிலிருந்தவற்றில் எண் மிகப் பெரிதாக இருந்த ரயரைத் தட்டிப் பார்த்தேன். நல்ல கடினம். அதன் பக்கத்திலிருந்த எழுத்து அவ்வளவு நல்ல எழுத்தல்ல. அதையும் வாசித்தேன்.

“இதிலை நாலு,” என்று கடைக்காரரிடம் சொன்னேன்.

“அந்த மரக்கட்டையிலையோ?” என்று மச்சானும் கடைக்காரரிடம்தான் கேட்டார். “அதைப் போட்டால் மழையிலை சறுக்கீஸ் விளையாடலாம் எண்டு சொல்லுங்கோ. நான் கொழும்புக்குச் சொல்லி எடுப்பிச்ச ரயர் ராத்திரி பஸ்ஸிலை வந்திட்டுது. மோட்டச்சைக்கிளிலை கட்டிக்கொண்டு வந்தனான். ரெண்டுதான் கிடைச்சது. மற்ற ரெண்டும் பேந்து வரும்.”

“பேந்து வரேக்கை இந்த ரெண்டும் தேஞ்சிருக்குமெண்டு சொல்லுங்கோ.”

கடையில் எங்களுக்கு முன்னரே ஒருவர் காத்து நின்றார். குருநகர்க்காரர், படகுக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிடப் பழைய ரயர் தேடி வந்தவர். எங்கள் காரிலிருந்து கழற்றிய நான்கையும் அவர் பெருவிரலால் அமத்திப் பார்த்தார்.

“சோக்கான ரயர். நல்ல மெத்தெண்டிருக்கு. சுவரோடை வள்ளம் முட்டினாலும் நோகாது,” என்றார். பிறகு மச்சானைப் பார்த்து, “அண்ணை, வள்ளத்துக்குப் போடுற சாமானை ஏன் காருக்குப் போட்டனீங்கள்?” என்றார்.

நான் சிரித்தேன். மச்சான் சிரிப்பு வந்த பக்கம் திரும்பவில்லை.

கடைக்காரர் காதிலிருந்த கம்பியைக் கழற்றினார். இதற்காக மட்டும் கழற்றினார் என்றுதான் நினைக்கிறேன். “காரின்ரை சொந்தக்காரர் ஆர்?” என்றார்.

“நான்,” என்றேன்.

“ஓட்டுறது ஆர்?”

“என்ரை மனிசி,” என்றார் மச்சான்.

“அப்ப ரெண்டு பேருக்கும் பங்கிருக்கு. முன்னுக்கு ரெண்டும் அவரின்ரை, பின்னுக்கு ரெண்டும் உங்கடை. இழுக்கிறதும் திருப்பிறதும் முன் சில்லுத்தானே. அங்கை பிடிப்பு வேணும். பின் சில்லு சும்மா கூட வாறது. அதுக்குத் தேயாதது நல்லம். என்ன சொல்லுறியள்?”

நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அது சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார். எங்கள் ஊரில் கிணற்றையும் பங்கு போட்டு உறுதிப் பத்திரம் எழுதுவார்கள். ஆறில் ஒரு பங்கு கிணறு, வழி வாய்க்கால் உரிமை என்று எழுதி, அதை வைத்து மூன்று தலைமுறை வழக்காடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த இருவருக்கு ஒரு காரை முன்னும் பின்னுமாகப் பிரிப்பது கொஞ்சமும் விசித்திரமாகப் படவில்லை. மச்சான் விட்டுக் கொடுக்கவில்லை. நானும் விட்டுக் கொடுக்கவில்லை. காருக்கு நடுவால் இன்னொரு தகர வேலி போட்டோம், அவ்வளவுதான்.

பின்னேரம் தங்கை பஸ்ஸால் இறங்கி வந்தாள்.

“போட்டாச்சோ?” என்று அவரைக் கேட்டாள்.

“ஓம்.”

வேலியின் இடைவெளிக்கு வந்து என்னைக் கேட்டாள். நானும் ஓம் என்றேன். புது ரப்பரின் கறுப்பைப் பார்த்து அவளுக்கு ஆறுதல். அவள் குனிந்து வாசிக்கிற ஆள் அல்ல. எங்களில் ஒருவராவது சொல்லியிருக்கலாம். சொன்னால் மற்றவருடைய ரயரைப் பற்றியும் சொல்ல வேண்டி வரும். அதைவிடச் சும்மா இருப்பது இருவருக்கும் வசதியாக இருந்தது.

காய்ந்த வீதியில் கார் நன்றாகத்தான் ஓடியது. தங்கையும் அப்படித்தான் சொன்னாள்.

ஐப்பசியில் முதல் பெருமழை ஒரு புதன்கிழமை விடியப் பிடித்தது. அவள் வழக்கம்போலப் புறப்பட்டாள். மத்தியானம் தாண்டி, கார் இல்லாமல், சேலைக் கரை முழங்கால் வரை சேறாகி, கேற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். வீட்டுக்குள் போகவில்லை. தகர வேலியின் இடைவெளியில் நின்று எங்கள் இருவரையும் கூப்பிட்டாள். அவர் தன் பக்கத்தில் வந்து நின்றார். நான் என் பக்கத்தில்.

“இயக்கச்சி தாண்டி மாடுகள் குறுக்கை வந்தது,” என்றாள். “வேகமாப் போகேல்லை. பிறேக்கை அமத்தினன். முன்பக்கம் நிண்டுது. பின்பக்கம் நிக்கேல்லை. சுத்திச்சுது. நான் ஸ்ரியரிங்கைப் பிடிச்சுக்கொண்டுதான் இருக்கிறன், கார் தன்ரை பாட்டிலை சுத்துது. நிண்டு பாத்தால் யாழ்ப்பாணப் பக்கம் பாத்துக்கொண்டு நிக்கிறன், பாதிக் கார் மணலுக்கை. நாங்கள் வந்த பாதையாலை ஒரு லொறி கோர்ன் அடிச்சுக்கொண்டு போகுது.”

அவள் சேலைக் கரையைப் பிழிந்தாள்.

“ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. கணக்கு ரீச்சர் சத்தி எடுத்திட்டா. மற்ற ரெண்டு பேரும் நாளையிலையிருந்து பஸ்ஸாம். பொலிஸ்காரன் ஒருத்தன் வந்து ரயரைக் குனிஞ்சு பாத்தான். முன்னுக்கு ஒரு ஜாதி, பின்னுக்கு ஒரு ஜாதி, ஏன் எண்டு கேட்டான். எனக்கு மறுமொழி தெரியேல்லை.” அவள் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “உங்களுக்குத் தெரியுமோ?”

“உன்ரை மனிசன்,” என்று நான் தொடங்கினேன்.

“கொண்ணர்தான்,” என்று அவரும் தொடங்கினார்.

“வாயை மூடுங்கோ ரெண்டு பேரும்.” கார்ச் சாவியை வேலிக் கட்டையின் மேல் வைத்தாள். “கார் அங்கை ஒரு தேத்தண்ணிக் கடை வளவுக்கை நிக்குது. ரெண்டு பேரும் போய் எடுத்துக்கொண்டு வாங்கோ. ஒராள் தனியப் போனால், நாளைக்கு நான் வேலை வேண்டாமெண்டு எழுதிக் குடுத்திட்டு வீட்டிலை இருப்பன். போன வருசமெல்லாம் ஓடினது ஆருக்கோ ஓடினதெண்டு நினைச்சுக்கொள்ளுறன்.”

அவள் சொல்வதைச் செய்கிறவள். அது இருவருக்கும் தெரியும்.

பஸ்ஸில் அவர் முன் வாசலால் ஏறினார், நான் பின் வாசலால். கொடிகாமத்தில் மாறி ஏறும்போதும் அப்படியே. இயக்கச்சி தாண்டி இறங்கி நடந்தோம். அவர் முன்னால், நான் ஏறக்குறைய ஒரு மின்கம்பத் தூரம் பின்னால். வீதியோரத்தில் தங்கையின் கார் போன தடம் இன்னும் கிடந்தது. கறுப்புத் தாரில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் ஓரத்து மணலில் அரைவட்டமாக இரண்டு கோடுகள். மழைத் தண்ணீர் அவற்றுக்குள் நின்றது. கோடு முடிந்த இடத்துக்கும் மதகுக்கட்டுக்கும் இடையில் ஓர் ஆள் படுக்கலாம். மச்சான் அங்கே நின்று பார்த்தார். நான் வருமுன் நகர்ந்துவிட்டார். நானும் நின்று பார்த்தேன்.

தேத்தண்ணிக் கடையில் சாவி என் கையில். ஓட்டுநர் கதவைத் திறந்தேன். மச்சான் பக்கத்துக் கதவுக்கு வரவில்லை. பின்கதவைத் திறந்து, பின் ஆசனத்தில் நடுவாக ஏறி இருந்தார்.

தேத்தண்ணிக் கடைக்காரர் ஜன்னலால் குனிந்து, “ஐயாவின்ரை டிரைவரோ?” என்று என்னைக் கேட்டார். பின்னாலிருந்து மறுப்பு வரவில்லை.

மழை மறுபடியும் பிடித்தது. நான் மெதுவாகத்தான் ஓட்டினேன். பளைக்குக் கிட்ட முன்னால் போன பஸ் ஒன்று ஆள் ஏற்றச் சடுதியாக நின்றது. நான் பிறேக்கை அமத்தினேன். முன்பக்கம் வீதியைக் கவ்விப் பிடித்தது. பின்பக்கம் தனியே எங்கோ புறப்பட்டது. காரின் வால் இடப்பக்கம் வழுக்குவதை என் முதுகு முதலில் உணர்ந்தது. நான் இன்னும் ஊன்றி அமத்தினேன்.

“பிறேக்கிலையிருந்து காலை எடும் ஐசே!”

எடுத்தேன். வால் ஒரு தரம் மறுபக்கம் ஆடி, பிறகு நேரானது. பஸ்ஸின் பின்விளக்கைத் தொடாமல் வலப்பக்கத்தால் கடந்து போனோம். எதிரே எதுவும் வரவில்லை. வைப்பர் இரண்டும் அடித்துக்கொண்டிருந்தன. மரண அறிவித்தலுக்குப் பிறகு அவர் நேரே எனக்குச் சொன்ன முதல் வசனம் அது. அது சரியான வசனம் என்பது இன்னும் எரிச்சலாக இருந்தது.

“உம்மடை பின் ரயர் சவர்க்காரக் கட்டி,” என்றார் அவர்.

“உம்மடை முன் ரயர் பிடிக்கிற பிடியிலைதான் பின்பக்கம் சுத்துது. நாலும் ஒரே மாதிரி வழுக்கினால் நேராய் வழுக்கும்.”

“நேராய்ப் போய் பஸ்ஸுக்கை ஏறும்.”

“நாலும் உம்மடை ரயரெண்டால் தைப்பொங்கலுக்குத் திரும்பவும் மொட்டை.”

“நாலும் உம்மடை எண்டால் தைப்பொங்கலுக்கு ஓட்ட ஆளில்லை.”

நான் கண்ணாடியால் பார்த்தேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னைய குரலில் இல்லாமல், “காலமை அவள் இதிலை மூண்டு பேரோடை,” என்று மட்டும் சொன்னார். வசனத்தை முடிக்கவில்லை.

எழுதுமட்டுவாளில் காரை நிறுத்தச் சொன்னார். இறங்கினார். வாந்தி எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். மழைக்குள் காரைச் சுற்றி வந்து முன்கதவைத் திறந்து என் பக்கத்தில் ஏறினார்.

“பின்னாலையிருந்தால் றோட்டுத் தெரியேல்லை,” என்றார். “நீர் மாட்டைப் பாக்கிறீரோ இல்லையோ எண்டும் தெரியேல்லை.”

கொடிகாமம் வரும்வரை அவர் மாடு பார்த்தார். கொடிகாமம் தாண்டியதும் மரண அறிவித்தலைத் தொடங்கினார். இரண்டு வருடமாகச் செடிகளுக்குச் சொன்னதெல்லாம் எனக்கு வந்தது. ஒரு வரியில் மூன்று சொல் கூடினால் பத்திரிகை கவிழ்ந்துவிடுமா என்றார். வழக்கம் வழக்கம்தான் என்றேன். “கனடாவிலை இருக்கிறவன் செத்தவீட்டுக்கே வரேல்லை, அவனுக்கு அடைப்புக்குறி,” என்றார். அடைப்புக்குறிக்குள் போட்டது அவனுக்குப் பெருமையல்ல, ஆள் ஊரில் இல்லை என்பதற்கு அடையாளம் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்பிடியெண்டு ஒருத்தரும் வாசிக்கேல்லை,” என்றார். நான் வைப்பரின் வேகத்தைக் கூட்டினேன்.

மீசாலையில் புத்தூர்ப் பக்கம் திரும்பாமல் நேரே நகரத்துக்கு விட்டேன். அவர் எங்கே என்று கேட்கவில்லை.

ரயர் கடைக்காரர் காதுக் கம்பியோடு சிரித்தபடி வந்தார். “உழைக்கிறதும் பிடிக்கிறதும் எப்பிடி?” என்றார்.

“உம்மடை யோசினையாலை என்ரை மனிசி சாகப் பாத்தவள்,” என்றார் மச்சான்.

“நாலையும் கழட்டும்,” என்றேன் நான்.

“நீங்கள் ரெண்டு பேரும் ஒரே பக்கமோ இண்டைக்கு?”

“இல்லை,” என்றோம். இருவரும் ஒரே நேரத்தில் சொன்னதால் அது அவருக்கு நம்பும்படி இருக்கவில்லை.

அதன் பிறகு நடந்தது தெரிவல்ல, வழக்கு. மச்சான் எழுத்தைப் பார்த்தார், நான் எண்ணைப் பார்த்தேன். ஈரத்தில் பிடிக்கும் எழுத்து மேலே இல்லாத எந்த ரயரையும் அவர் காலால் தள்ளினார். எண் சிறிதாக இருந்த எதையும் நான் தள்ளினேன். நடுவில் இரண்டு வகை மிஞ்சின. நெடுந்தூரம் போகிற குடும்பக் கார்களுக்கென்று செய்தவை. வேகமும் இல்லை, அழகும் இல்லை. ஒன்று கொஞ்சம் மெதுவாகத் தேயும், மற்றது மழையில் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். அதில் மழைக்காரனை அவர் கேட்டார். நான் இயக்கச்சி மணலில் கிடந்த தடத்தை நினைத்துக்கொண்டு சரி என்றேன். ஆனால் நான்கையும் உருட்டிப் பார்த்து, அவற்றைச் செய்த திகதியை வாசித்தேன். ஒன்று மற்ற மூன்றுக்கும் மிக மூத்தது. கடையின் மூலையில் வருடக்கணக்கில் படுத்திருந்தது.

“இது கிழடு,” என்றேன்.

“ரப்பருக்கென்ன வயசு, ஐயா,” என்றார் கடைக்காரர்.

“உமக்கு இருக்கிற வயசு தெரியுது, ரயருக்கு இல்லையோ?” என்று மச்சான் அவர் மேல் பாய்ந்தார். என் பக்கம் நின்று அவர் ஒரு ஆளைத் திட்டியதை அன்றுதான் பார்த்தேன். திட்டுவதில் அவருக்கு நல்ல தேர்ச்சி. கடைக்காரர் களஞ்சியத்துக்குள் போய் இளமையான ஒன்றைக் கொண்டு வந்தார். சக்கரங்களை நேராக்கும் அலைன்மென்ற் வேலையும் செய்வித்தோம். சக்கரம் சரிந்திருந்தது உண்மைதான். யார் மதகில் ஏற்றியது என்ற கேள்வியை அவர் எழுப்பத் தொடங்கினார். அவர் என்னைக் கேட்காமல் பூட்டிய பளபளக்கும் றிம்மை நான் பார்த்தேன். அதோடு நிறுத்திக்கொண்டார்.

கழற்றிய ரயர்களை என்ன செய்வது என்று கேட்டார் கடைக்காரர். தன்னுடைய இரண்டையும் குருநகர்க்காரருக்கு வைக்கச் சொன்னார் மச்சான். என்னுடைய இரண்டையும் கேட்டபோது, “உது வள்ளத்துக்கும் ஆகாது,” என்றார்.

வீட்டுக்கு வந்தோம். தங்கை வாசலில் நின்றாள். இந்தத் தடவை அவள் குனிந்தாள். நான்கு சக்கரத்தையும் சுற்றி வந்து, ஒவ்வொன்றிலும் பெயரை விரலால் தடவி வாசித்தாள். நான்கும் ஒன்று என்று தெரிந்தபின்தான் நிமிர்ந்தாள். நன்றி சொல்லவில்லை.

“இனிச் சனியும் ஞாயிறும் கார் கேற்றுக்கு வெளியாலை போகாது,” என்றாள். “சாவி என்னட்டை.”

“அப்ப நான் சந்தைக்கு?” என்றார் மச்சான்.

“மோட்டச்சைக்கிள் இருக்கு. அண்ணரையும் ஏத்திக்கொண்டு போங்கோ.”

கணக்கு ரீச்சர் ஒரு கிழமை கழித்துத் திரும்பவும் காரில் ஏறினார். மற்ற இருவரும் இன்னும் பஸ்ஸில்தான் போகிறார்கள்.

இப்போது கார்த்திகை. மழை விடவில்லை. தங்கை பள்ளிக்குப் போய்ச் சேர்ந்ததும் கைபேசியில் ‘வந்திட்டன்’ என்று ஒரு சொல் அனுப்புவாள். அதை இருவருக்கும் அனுப்புவதில்லை. ஒரு நாள் எனக்கு, அடுத்த நாள் அவருக்கு. ஏன் என்று கேட்டேன். “மற்ற ஆள் கேட்டு அறியட்டும்,” என்றாள். இரண்டு பேருக்கும் ஒருமித்து அனுப்ப எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். நேரம் பிடிக்காது என்பது தனக்கும் தெரியும் என்றாள்.

இன்று அவருடைய நாள். விடியத் தொடக்கம் தகரத்தில் மழை கொட்டுகிறது. ஆனையிறவு வெளியில் காற்றும் இருக்கும். மணி பார்க்கிறேன். அவள் சேர்ந்திருக்க வேண்டிய நேரம் கடந்துவிட்டது. குடையைப் பிடித்துக்கொண்டு வேலியின் இடைவெளிக்குப் போகிறேன். அவர் போட்டிகோவில் நிற்கிறார். கைபேசி அவர் சட்டைப்பையில். நான் வருவதைக் கண்டதும் குரோட்டன் செடியின் பழுத்த இலையைக் கிள்ளத் தொடங்குகிறார்.

“வந்திட்டாளாமோ?” என்று கேட்கிறேன்.

அவர் உடனே சொல்வதில்லை. இன்னும் ஓர் இலையைக் கிள்ளுகிறார். அதை ஆராய்கிறார். மழைக்குள் வீசுகிறார்.

“ஓம்,” என்கிறார்.

நான் திரும்பி நடக்கிறேன். நாளைக்கு அவர்தான் கேட்க வேண்டும். நானும் உடனே சொல்லப் போவதில்லை.